காய்ச்சல் மருந்து கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மூன்றரை வயது மகள் மழலையர் பள்ளிக்குச் செல்கிறாள். நானும் கணவரும் வேலைக்குச் செல்வதால், இலேசான காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்து அனுப்பிவிடுகிறேன். இது தவறா?
– வாசகி, தக்கலை

பதில்: உங்கள் நெருக்கடி புரிகிறது, சகோதரி, ஆயினும் அவ்வாறு அனுப்ப வேண்டாம். பாராசிட்டமால் காய்ச்சலைச் சில மணி நேரம் தணிக்குமே தவிர, தொற்றை நீக்காது. மருந்தின் வேகம் குறையும் நண்பகலில் குழந்தை வகுப்பறையில் துவண்டு கிடப்பாள், அதற்குள் அருகில் அமர்ந்த பிள்ளைகளுக்கும் தொற்று பரவியிருக்கக்கூடும். மருந்தின் துணையின்றி 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்த பின்னரே அனுப்புங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், அது நின்று 48 மணி நேரம் கழியட்டும். சின்னம்மை என்றால் கொப்புளங்கள் அனைத்தும் பொருக்குத் தட்ட வேண்டும்.

வெறும் மூக்கொழுகலுக்குத் தடை தேவையில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில், ஒவ்வொரு சளிக்கும் வீட்டில் நிறுத்தினால் பள்ளிக்கு அனுப்பும் நாளே அரிதாகிவிடும். குழந்தை நன்றாக உண்டு விளையாடினால் போதும். ஆனால் மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பியும் சோர்ந்தே கிடந்தாலோ தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விடுப்பை நீங்களும் கணவரும் மாறி மாறி எடுப்பதென்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.