நாலு வயதுப் பேத்தியோடு மிடீவல் டைம்ஸ் போகலாமா?

தாராளமாகப் போகலாம். மிடீவல் டைம்ஸ் என்பது அமெரிக்காவில் கோட்டை மாதிரிக் கட்டிய அரங்குகளில், சாப்பிட்டுக்கொண்டே பழங்காலக் குதிரை வீரர்களின் சண்டையைப் பார்க்கும் நிகழ்ச்சி. பேத்திக்கு நாலு, பேரனுக்கு எட்டு, சண்டையைப் பார்த்துச் சின்னவள் பயந்துவிடுவாளோ, சைவம் கிடைக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். நியூஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, லிண்ட்ஹர்ஸ்ட்டில் இருக்கும் கோட்டைக்கு எல்லோருமாகப் போனோம்.

வாள்சண்டைதான் அங்கே விசேஷம் என்பார்கள். என்னைக் கேட்டால், குதிரைக்காகவே போகலாம். டெக்சாஸில் சாங்கர் என்ற ஊரில் இந்த நிகழ்ச்சியை நடத்தும் நிறுவனத்துக்குச் சொந்தப் பண்ணை இருக்கிறது. ஆண்டலூசியன் என்ற ஸ்பானிய இனக் குதிரைகளை அங்கே வளர்க்கிறார்கள். விளக்கையெல்லாம் குறைத்து, மணல் களத்துக்குள் ஒரு குதிரை தனியாக வந்தது. இசைக்குத் தக்கபடி முன்னங்காலை மடித்து மடித்து வைத்து நடந்தது. அப்புறம் நாலு காலும் தரையை விட்டு எழும்ப, அந்தரத்திலேயே பின்னங்கால்களை உதைத்தது பாருங்கள், பேரன் கையில் இருந்த கோழிக்கால் வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றுவிட்டது. திருவிழாவில் பொய்க்கால் குதிரை பார்த்து வளர்ந்த எனக்கு, நிஜக் குதிரை அப்படி ஆடியதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது.

கதை 11ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் நடக்கிறது. இந்த நிறுவனமே ஸ்பெயினில் தோன்றியதுதான். 1983இல் ஃப்ளோரிடாவின் கிஸிமீயில் அமெரிக்காவின் முதல் கோட்டையைத் திறந்தார்கள். ராணி முன்னிலையில் ஆறு வீரர்கள் மோதுகிறார்கள். ஆளுக்கு ஒரு நிறம். நாம் உட்காரும் பகுதியின் நிறத்தில் காகிதக் கிரீடம் தருவார்கள், அந்த நிற வீரருக்குத்தான் கத்த வேண்டும். நீங்களும் கூச்சப்படாமல் கத்துங்கள். தாத்தாவும் பாட்டியும் தொண்டை கிழியக் கத்துவதைப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு அத்தனை சந்தோஷம்!

பயத்தைப் பற்றிச் சொல்கிறேன். குதிரையில் எதிரெதிராகப் பாய்ந்து வந்து ஈட்டியால் இடிப்பார்கள், ஈட்டி சிதறும், ஆள் மணலில் விழுவார். வாள் மோதும்போது தீப்பொறி பறக்கும். எங்கள் பேத்தி முதலில் மாப்பிள்ளை மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "இது நாடகம்டா, அந்த மாமா எழுந்திருப்பார் பாரு" என்றார் அவர். அந்த வீரர் எழுந்து நடந்ததும் அவளுக்குத் தெளிந்துவிட்டது. சண்டையைவிடச் சத்தம்தான் சின்னவர்களை மிரட்டுகிறது. காதுக்கு மாட்டும் சத்தத்தடுப்பான் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில கோட்டைகளில் பழங்காலச் சித்திரவதைக் கருவிகள் வைத்த அறை ஒன்று தனிக் கட்டணத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் நாலு வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகவே வேண்டாம்.

சாப்பாட்டுக்கு முள்கரண்டியும் கிடையாது, ஸ்பூனும் கிடையாது. தக்காளி சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்க வேண்டியதுதான். வாட்டிய கோழி, சோளம், உருளைக்கிழங்கு எல்லாம் கையால்தான். நமக்கு என்ன கஷ்டம்? சைவம் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட்டு, உட்கார்ந்ததும் பரிமாறுபவரிடம் இன்னொரு முறை சொல்லுங்கள். என் மனைவிக்குப் பீன்ஸும் சாதமும் சேர்த்த ஒரு குழம்பு வந்தது. காரம் இல்லை, ஆனால் வயிறு நிறைந்தது.

காட்சி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடும். சின்னவள் தூங்கும் நேரத்தைப் பார்த்து, பகல் காட்சி இருக்கும் நாளாக எடுங்கள்.