ஐம்பது பழுப்புக் கரடிகள் இருக்கும்போது அந்தக் கூட்டம் எப்படி அழியும்?

கேள்வி இதுதான்: வேட்டையை நிறுத்திவிட்டால் ஐம்பது கரடி தானாகப் பெருகாதா? பெருகாவிட்டால் வேறு இடத்திலிருந்து நாலைக் கொண்டுவந்து விட்டால் தீராதா?

டெல்லியில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். இந்தக் கேள்வி வகுப்பிலும் வரும். பிள்ளைகள் மனதில் இருப்பது கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இறங்கும் கரடி. அது வேறு இனம். பழுப்புக் கரடி இந்தியாவில் இமயமலையின் உயரங்களில்தான், லடாக்கின் திராஸ், இமாச்சலத்தின் சம்பா பக்கம் உண்டு. உலக அளவில் அதற்கு ஆபத்தில்லை. ரஷ்யாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். தனித்துப்போன சின்னக் கூட்டங்களுக்குத்தான் ஆபத்து.

ஐம்பது என்றதும் ஐம்பதும் குட்டி போடும் என்று நினைத்துவிடுகிறோம். ஆண், குட்டி, கிழம் எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம் பெண்கள்தான். அவையும் அவசரப்படாது. பாகிஸ்தான் பக்கம் உள்ள தேவ்சாய் பீடபூமியில் ஆராய்ந்து பார்த்தார்கள். பெண் கரடி முதல் குட்டி போடவே எட்டு வயது தாண்டுகிறது. அடுத்த ஈற்றுக்குச் சராசரியாக 5.7 வருடம். ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டி, சில சமயம் இரண்டு.

இப்போது கரும்பலகைக் கணக்குக்கு வருவோம். ஒரு பள்ளத்தாக்கில் மூன்று தாய்க் கரடிகள், ஆளுக்கு ஒரு குட்டி. மூன்றும் ஆணாகவே பிறக்க வாய்ப்பு எட்டில் ஒன்று. அப்படி ஆகிவிட்டால் அடுத்த ஆட்டத்துக்கு ஆறு வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு தாய் பனிச்சரிவில் போனால்? வேட்டைக்காரன் ஒருவன்கூட வரவில்லை, கூட்டம் சுருங்கிவிட்டது. முந்நூறு கரடி உள்ள இடத்தில் இந்த அதிர்ஷ்டக்கேடு ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். இங்கே ஈடாக ஆளில்லை.

இத்தாலியின் அப்ருஸ்ஸோ மலைகளில் ஏறக்குறைய ஐம்பது, அறுபது கரடிகள்தான். அங்கே அமரேனா என்று ஊரே பெயர் சொல்லி அறிந்த தாய்க் கரடி, 2020-இல் ஒரே ஈற்றில் நாலு குட்டி போட்டது. அதில் ஒன்று 2023 ஜனவரியில் கார் மோதிச் செத்தது. அதே வருடம் ஆகஸ்ட் கடைசியில் அமரேனாவையே ஒருவர் சுட்டுவிட்டார். பிறகு பிறந்து கூட இருந்த இரண்டு குட்டிகளும் அநாதை. மொத்த எண்ணிக்கையில் இது சின்னக் குறைவாகத் தெரியும். குட்டி போடும் பெண்களை மட்டும் எண்ணிப் பாருங்கள், இழப்பு புரியும்.

சரி, கொண்டுவந்து விடுவது? பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையில் உள்ள பிரனீஸ் மலையில் செய்தார்கள். 1996, 97-இல் ஸ்லோவேனியாவிலிருந்து மூன்று கரடிகள் வந்தன, பிறகும் சில. இன்று எண்பதைத் தாண்டிவிட்டது, வெற்றிதான். ஆனால் பைரோஸ் என்ற ஒரே ஆண், பிறந்த குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்பாவாகவோ தாத்தாவாகவோ ஆகிவிட்டது. எண்ணிக்கை ஏறுகிறது, ரத்தம் ஒன்றாகிக்கொண்டே போகிறது. 2018-இல் மேலும் இரண்டு பெண் கரடிகளைக் கொண்டுவந்தபோது ஆடு மேய்ப்பவர்கள் சாலையை மறித்தார்கள். ஹெலிகாப்டரில்தான் இறக்க முடிந்தது. மேய்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கரடியைப் பார்த்து மகிழ்பவன் நகரத்தில் இருக்கிறான், ஆடு போவது அவர்களுக்குத்தானே.

எனக்குப் பிடித்த வழி ஸ்பெயினின் கான்டாப்ரியாவில் நடந்தது. சாலையும் ரயில் பாதையும் ஓடும் ஒரு பள்ளத்தாக்கு கரடிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து வைத்திருந்தது. கள்ள வேட்டையை அடக்கி, இடைப்பட்ட காட்டைத் தேற்றியதும் ஆண் கரடிகள் தாமாகவே கடந்து போயின; இரண்டு கூட்டத்துக்கும் பிறந்த குட்டிகளை மரபணுச் சோதனை காட்டியது. தொண்ணூறுகளில் நூறுகூட இல்லாதது 2020-இல் சுமார் 370.

தேவ்சாயிலும் காவல் போட்டபின் 1993-இல் 19 இருந்தது 2006-இல் 43 ஆனது. திராஸிலிருந்து அது ஒன்றும் வெகுதூரமில்லை, நடுவில் கட்டுப்பாட்டுக் கோடு. நம் பக்கம் முதலில் வேண்டியது, ஆடு இழந்த, ‘கத்தி’ (Gaddi) என்ற இனத்து மேய்ப்பர்களுக்கு நஷ்டஈடு அலையவிடாமல் கைக்குப் போவது. அப்புறம், முகாம்களும் சுற்றுலாக்காரர்களும் போடும் குப்பையைத் தின்று பெருகும் நாய்கள். லடாக்கில் காட்டு விலங்குகளைக் கூட்டமாகத் துரத்துகின்றன. அவற்றைக் குறைத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் டெல்லியில் உட்கார்ந்துகொண்டு நாய் பேச்சை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று தெரியும். அதைத் தனிக் கேள்வியாகப் போடுங்கள், பதில் எழுதுகிறேன்.