வாசகர் கேள்வி: கோட்டைப் பிரபு டைரக்டர் ஆன கதை

கே: சின்ன வயதில் போகோ சேனலில் 'டகேஷிஸ் காஸில்' பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவன் நான். அதில் கோட்டைக்குள் உட்கார்ந்திருக்கும் பிரபு உலகப் புகழ் பெற்ற சினிமா டைரக்டர் என்று ஆபீஸ் நண்பர் சாதிக்கிறார். பந்தயம் கட்டிவிட்டேன். சீக்கிரம் பதில் போடுங்கள் சார். (தேனி வாசகர்)

ப: பந்தயப் பணத்தை எடுத்து வையுங்கள். அவரேதான், டகேஷி கிடானோ. நமக்கு ஜாவேத் ஜாஃப்ரியின் இந்தி வர்ணனையோடு வந்து சேர்ந்த அந்த நிகழ்ச்சி ஜப்பானில் டி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1986 முதல் 1990 வரை ஓடியது. நூறு பேருக்கு மேல் கிளம்பி, சேற்றிலும் தண்ணீரிலும் விழுந்து, கடைசியில் மிஞ்சும் சிலர் கோட்டையைப் பிடிக்கப் போவார்கள், பெரும்பாலும் பிடிக்காமலேயே திரும்புவார்கள். பிடித்துவிட்டால் பத்து லட்சம் யென். அந்த நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தபோதே, 1989-இல், கிடானோ தன் முதல் படத்தை இயக்கினார். 1997-இல் அவருடைய ஏழாவது படமான 'ஹனா-பி' வெனிஸ் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கத்தை வாங்கியது. ஜப்பானியப் படம் ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்து அதற்குள் ஏறக்குறைய நாற்பது வருடம் ஆகியிருந்தது.

போனஸாக ஒரு தகவல், நண்பரிடம் இதை வைத்துப் பாதிப் பணத்தையாவது திரும்பப் பிடிக்கப் பாருங்கள். சில எபிசோடுகளில் பிரபுவுக்குப் பதிலாகப் பெரிய பொம்மைத் தலை மாட்டிய ஒருவர் வருவார். காரணம், 1986 டிசம்பரில் கிடானோ தன் சிஷ்யப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வார இதழின் அலுவலகத்துக்குள் நுழைந்து, குடையும் தீயணைப்புக் கருவியுமாக ரகளை செய்துவிட்டார். தன் தோழியை அந்த இதழின் நிருபர் தொந்தரவு செய்தார் என்ற கோபம். ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்து அதை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் டிவியில் தலைகாட்ட முடியாமல் போனது. அதனால்தான் பொம்மைத் தலை. (பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு இதை ரசித்து எழுதுவது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.)

கே: சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர் கையில் யார் படத்தைக் கொடுத்தார்கள்? உதவி இயக்குநராக இருந்தாரா? (கோவை வாசகி)

ப: உதவி இயக்குநரும் இல்லை, ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டும் இல்லை. 1947-இல் டோக்கியோவின் அடாச்சி பகுதியில் பிறந்தவர். அப்பா வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பவர், அம்மா பிள்ளைகளின் படிப்பில் குறியாக இருந்தவர். மெய்ஜி பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டு, அசகுசா என்ற பழைய கேளிக்கைப் பேட்டைக்குப் போனார். அங்கே 'ஃபிரான்ஸ்-ஜா' என்ற அரங்கு. பெண்கள் உடை களையும் ஆட்டத்துக்கு நடுவே காமெடி நாடகம் போடும் இடம் அது. அதில் லிஃப்ட் பையனாக வேலை. அங்கேதான் ஃபுகாமி சென்ஸாபுரோ என்ற காமெடியனைக் குருவாகப் பிடித்தார், டாப் டான்ஸ் கற்றார், மேடையில் எப்போது வாயை மூட வேண்டும் என்பதையும் அங்கே கற்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பிறகு கியோஷி என்ற கூட்டாளியோடு 'டூ பீட்' என்ற ஜோடி. இரண்டு பேர் மைக் முன்னால் நின்று வாய்ச்சண்டை போடும் 'மன்ஸாய்' என்ற கலை அது. 1980 வாக்கில் ஜப்பானிய டிவியில் மன்ஸாய் அலை அடித்தபோது இவர்கள் உச்சிக்குப் போனார்கள். வயதானவர்கள், அழகில்லாதவர்கள், கிராமத்துக்காரர்கள் என்று யாரையும் விட்டுவைக்க மாட்டார்கள். சாலைப் பாதுகாப்பு வாசகத்தைத் திருப்பிப் போட்டு, 'சிவப்பு விளக்கு எரிந்தாலும் எல்லாரும் சேர்ந்து கடந்தால் பயமில்லை' என்று அடித்த ஜோக் அங்கே கிட்டத்தட்ட பழமொழியாகவே ஆகிவிட்டது.

சினிமாவுக்குள் முதலில் பெரிதாக இழுத்தவர் இயக்குநர் நகிசா ஓஷிமா. 1983-இல் வந்த 'மெர்ரி கிறிஸ்துமஸ் மிஸ்டர் லாரன்ஸ்' படத்தில் பாடகர் டேவிட் போவியோடு ஒரு கொடூரமான ராணுவ சார்ஜென்ட் வேடம். ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று கிடானோ தியேட்டருக்குள் நைசாகப் போய் உட்கார்ந்திருக்கிறார். திரையில் அவர் முகம் வந்ததும் மொத்தத் தியேட்டரும் சிரித்துவிட்டதாம். பல பேட்டிகளில் அவரே சொன்ன கதை இது. அன்றிலிருந்து டிவியில் கெட்டவன் வேடமாகத் தேடிப் பிடித்தார். அதே வருடம் ஒரு நாடகத்தில் நிஜத் தொடர் கொலைகாரன் ஒருவனாகவே நடித்தார். சிரிப்பு அடங்கச் சில வருடங்கள் பிடித்தன.

1989-இல் 'வயலன்ட் காப்'. கிஞ்சி ஃபுகாசாகு இயக்க வேண்டிய படம், கிடானோ நாயகன் மட்டும்தான். ஃபுகாசாகு விலகியதும் தயாரிப்பாளர் கசுயோஷி ஒகுயாமா, நீங்களே இயக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். இவர் திரைக்கதையைப் பிரித்து மேய்ந்து, நகைச்சுவை இருந்த இடத்தையெல்லாம் துடைத்துவிட்டார். அப்போது வயது 42. விதியைப் பாருங்கள், விலகிய அதே ஃபுகாசாகு பதினோரு வருடம் கழித்து 'பேட்டில் ராயல்' எடுத்தபோது அதில் வாத்தியாராக நடித்தவர் கிடானோ.

கே: அவர் படங்கள் இரண்டு பார்த்தேன். வாயாடி காமெடியன் என்கிறீர்கள், படத்தில் மனுஷன் வாயே திறப்பதில்லையே? மற்றவர்களும் சிலை மாதிரி நிற்கிறார்கள். இதை ஏன் கொண்டாடுகிறார்கள்? (சிவகாசி வாசகர்)

ப: நல்ல கேள்வி. நானும் முதலில் இங்கேதான் முழித்தேன்.

டூ பீட் ஜோடியில் டகேஷிதான் மூச்சுவிடாமல் பேசுவார், கியோஷிக்கு நடுவில் 'நிறுத்துப்பா' என்று சொல்ல மட்டும் இடம் கிடைக்கும். அப்படிப்பட்டவர் இயக்குநர் ஆனதும் பேச்சை மொத்தமாகப் பிடுங்கிப் போட்டார். மூன்றாவது படமான 'எ சீன் அட் தி சீ'யில் குப்பை அள்ளும் நாயகனுக்கும் அவன் காதலிக்கும் காது கேட்காது, வாய் பேச வராது. 'ஹனா-பி'யில் சாகப்போகும் மனைவி கடைசிக் காட்சிவரை வாய் திறப்பதில்லை, திறக்கும்போது இரண்டே வார்த்தை: நன்றி, மன்னித்துவிடு. இதைப் பார்த்துவிட்டு, காமெடியை உதறிவிட்டுக் கலைப்படத்துக்குப் போய்விட்டார் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜோக்கிலிருந்து பேச்சை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நேரக் கணக்கு, அதை மட்டும் வைத்துக்கொண்டுதான் இவர் படம் எடுக்கிறார்.

1993-இல் வந்த 'சொனாட்டைன்' படத்தின் ஆரம்பத்தைப் பாருங்கள். மாமூல் தராத ஒருவனைக் கட்டி, கிரேனில் தொங்கவிட்டுக் கடலுக்குள் இறக்குகிறார்கள். முதல் தடவை இறக்கித் தூக்குகிறார்கள், பிழைத்திருக்கிறான். இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்க்கலாம் என்று மறுபடி இறக்குகிறார்கள். கரையில் நிற்கும் கிடானோவும் கூட்டாளியும் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். தூக்கிப் பார்த்தால் ஆள் போய்விட்டான். அட, செத்துட்டானா, சரி விடு என்கிற தோரணையில் நகர்ந்துவிடுகிறார்கள். கத்தலும் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. மேடையில் இதே அமைப்பில் ஒரு துணுக்கு போட்டால் ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். இங்கே சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து நின்றுகொள்கிறது.

அப்புறம் அதே படத்தின் நடுப்பகுதி. ஒகினாவா கடற்கரையில் ஒளிந்திருக்கும் ரவுடிகளுக்குப் பொழுது போகவில்லை. காகிதத்தில் சுமோ பொம்மை வெட்டி, பலகையைத் தட்டித் தட்டி அதுகளைச் சண்டைக்கு விடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே மணலில் வட்டம் போட்டு, காகிதப் பொம்மை மாதிரி விறைப்பாக வெட்டி வெட்டி ஆடுகிறார்கள். தலைவர் மணலில் குழி தோண்டி மூடி வைத்து, வருகிறவர்களை விழவைத்து ரசிக்கிறார். தேனி வாசகர் கவனிக்கவும், இது அச்சு அசலாக உங்கள் போகோ நிகழ்ச்சி. ஒரே வித்தியாசம், இவர்கள் சாகப்போகிறவர்கள் என்று நமக்குத் தெரியும்.

அடிதடியும் அப்படித்தான். மற்ற கேங்ஸ்டர் படத்தில் கை ஓங்குவது, குத்து, ரத்தம் என்று எல்லாவற்றையும் ஸ்லோ மோஷனில் காட்டுவார்கள். இவர் கை ஓங்கும் முன்னால் உள்ளதைக் காட்டுவார், அடுத்த ஷாட்டில் ஆள் கீழே கிடப்பான், நடுவில் இருப்பது பெரும்பாலும் வெட்டுப்பட்டிருக்கும். படத்தொகுப்பை அவரே செய்துகொள்கிறார் என்பதை இங்கே சேர்த்துப் படியுங்கள். சிலை மாதிரி நிற்கிறார்கள் என்கிறீர்களே, 'சொனாட்டைன்' பாரில் நடக்கும் துப்பாக்கிச் சண்டையில் ஒருத்தனும் குனிவதோ பதுங்குவதோ இல்லை, நின்ற இடத்திலேயே சுட்டுக்கொண்டு சாகிறார்கள். முகத்தை அசைக்காமல் ஜோக் சொல்லும் ஆளின் முகம் அது.

என் வாதத்துக்கு ஓர் இடைஞ்சல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2010-இல் தொடங்கிய 'அவுட்ரேஜ்' வரிசைப் படங்களில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கிறார்கள், அமைதி மருந்துக்கும் இல்லை. ஆனால் அந்தக் கத்தலைக் கேட்டால், இரண்டு பேர் மாறி மாறித் திட்டி ஏற்றிக்கொண்டே போகும் தாளம், பழைய மன்ஸாய் மேடைதான். 2024-இல் வெனிஸில் காட்டப்பட்ட 'ப்ரோக்கன் ரேஜ்' இதை அவரே போட்டு உடைத்த படம். ஒரு மணி நேரம்தான். முதல் பாதியில் கூலிக் கொலையாளி ஒருவனின் கதை, படு சீரியஸ். இரண்டாம் பாதியில் அதே கதை, அதே சம்பவங்கள், ஆனால் இப்போது நாற்காலி உடைகிறது, கால் வழுக்குகிறது, கொலையாளியாக வரும் கிடானோ தாத்தா விழுந்து விழுந்து எழுகிறார். படமாக சுமார்தான். இவர் வித்தையின் உள்பக்கத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நல்ல தீனி.

கே: சொந்த ஊரில் மதித்தார்களா? (யாழ்ப்பாண வாசகர்)

ப: ரொம்ப நாள் மதிக்கவில்லை. 'சொனாட்டைன்' 1993-இல் கான் விழாவுக்குப் போனது, ஐரோப்பாவில் பேர் வாங்கியது, ஜப்பானில் கூட்டமே இல்லை. ஜனங்களையும் குறை சொல்ல முடியாது. ராத்திரி டிவியில் கோமாளி உடுப்போடு குதிப்பவர் மறுநாள் தியேட்டரில் முறைத்தால் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? அவரோ டிவியை விடவே இல்லை. நடிக்கும்போது 'பீட் டகேஷி', இயக்கும்போது 'டகேஷி கிடானோ' என்று இரண்டு பெயரில் கார்டு போட்டுக்கொண்டார். வெனிஸ் பரிசுக்குப் பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. 2003-இல் 'ஸட்டோயிச்சி'யில் தலைக்கு மஞ்சள் சாயம் அடித்து, கண் தெரியாத வாள்வீரனாக நடித்து, கடைசியில் கிராமமே சேர்ந்து டாப் டான்ஸ் ஆடுவதாக முடித்தார். உள்ளூரிலும் வசூல், வெனிஸில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கம். லிஃப்ட் பையன் காலத்தில் கற்ற ஆட்டம் முப்பது வருடம் கழித்துக் கைகொடுத்தது. குரு பார்க்கவில்லை. ஃபுகாமி 1983-லேயே ஒரு தீ விபத்தில் இறந்துபோனார்.

கே: அவர் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்கிறதே, நடிப்பா? (நாகர்கோவில் வாசகி)

ப: நடிப்பில்லை. 1994 ஆகஸ்டில் குடித்துவிட்டு ஸ்கூட்டர் ஓட்டிப் போய் மோதினார். வலப்பக்க முகத்தில் பாதி செயலிழந்தது. தேறி வந்த காலத்தில் படம் வரையத் தொடங்கினார். 'ஹனா-பி'யில் குண்டடி பட்டுச் சக்கர நாற்காலியில் முடங்கும் போலீஸ்காரர் வரைவதாக வரும் ஓவியங்கள் எல்லாம் கிடானோ வரைந்தவை. மிருகத்தின் உடம்பில் தலைக்குப் பதில் பூ இருக்கும், ஞாபகம் இருக்கிறதா?

கே: மிஷ்கினின் 'நந்தலாலா' இவர் படத்தின் காப்பி என்கிறார்களே? (கும்பகோணம் வாசகர்)

ப: 1999-இல் வந்த 'கிகுஜிரோ'வின் சாயலில் எடுத்தது என்பது ஊரறிந்த விஷயம். அம்மாவைத் தேடிப் போகும் பையன், கூடவே ஒரு பெரியவர், வழியெல்லாம் மனிதர்கள். எலும்புக்கூடு அதேதான். ஆனால் 'கிகுஜிரோ'வில் அந்தப் பெரியவர் வாய்த் துடுக்கான வெட்டி ஆள், பையன் கையிலிருக்கும் பணத்தைச் சைக்கிள் ரேஸில் தொலைக்கிறவர். தன் அப்பாவின் பெயரையே அந்தப் பாத்திரத்துக்கு வைத்தார் கிடானோ. 2010-இல் வந்த மிஷ்கின் படத்தில் பெரியவர் மனநலக் காப்பகத்திலிருந்து தப்பி வந்தவர், அவருக்கும் அம்மாமேல் ஒரு பெரிய கோபம். அழுகை நம்முடையது, இளையராஜாவும் நம்முடையவர். மூலத்துக்கு டைட்டிலில் பெரிய எழுத்தில் நன்றி சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கே: இப்படி வேறு யாரும் உண்டா? (தஞ்சை வாசகர்)

ப: உண்டு. அமெரிக்காவில் ஜோர்டன் பீல், 'கீ அண்ட் பீல்' டிவி காமெடியை 2015-இல் முடித்துவிட்டு 2017-இல் 'கெட் அவுட்' என்ற திகில் படம் எடுத்தார், திரைக்கதைக்கு ஆஸ்கர். பக்கத்தில் கேரளாவில் ரமேஷ் பிஷாரடி, டிவி மேடையிலிருந்து வந்து 2018-இல் ஜெயராமை வைத்து 'பஞ்சவர்ணதத்த' எடுத்தவர்.

கே: கிடானோ படங்களில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? வீட்டில் அம்மாவும் கூட உட்காருவார். (சேலம் வாசகி)

ப: அம்மாவோடு 'கிகுஜிரோ'. ஜோ ஹிசாய்ஷியின் பியானோ ஒன்றுக்கே பார்க்கலாம். பூங்காவில் ஒரு விகாரமான ஆள் வரும் காட்சி இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அந்தக் காட்சியை ஓட்டிவிடுங்கள். அடுத்து 'ஹனா-பி'. தனியாக இருக்கும் ராத்திரியில் 'சொனாட்டைன்'. 2005-லிருந்து 2008 வரை தன்னைத்தானே கிண்டல் செய்து எடுத்த மூன்று படங்களை இப்போதைக்கு விட்டுவிடலாம், பொறுமையைச் சோதிக்கும். 'கெட்டிங் எனி?' என்று ஒரு காமெடி இருக்கிறது, அதைப் பார்த்தே தீருவேன் என்றால் அம்மா தூங்கின பிறகு போடுங்கள்.