கட்டட அளவையியல் படித்தால் திருகோணமலையில் பயன்படுமா?

உயர்தரத்தில் கணிதப் பிரிவு எழுதியிருக்கிறேன், இங்கிலாந்தில் கட்டட அளவையியல் படித்துவிட்டு ஊருக்கு வந்தால் வேலைக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். நானும் அதைப் படித்துவிட்டுத்தான் இங்கே வேலை செய்கிறேன்.

காணி அளக்க விருப்பமென்றால் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கட்டுமானச் செலவுக் கணக்கென்றால் மொரட்டுவையில் கணிய அளவையியல் இருக்கிறது. இது வேறு. கட்டி முடித்த கட்டடத்தில் எங்கே பழுது, ஏன் வந்தது, எப்படித் திருத்துவது என்பதுதான் இந்தப் படிப்பின் உயிர். சட்டப் பாடமும் உண்டு. ஆனால் பொதுச்சுவர் (இரு வீட்டாருக்கும் பொதுவான சுவர்) பற்றிய இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் போன்றவை இங்கே செல்லாது.

பழுதறியும் பாடத்துக்கு நம்முடைய ஊரைவிட நல்ல இடம் கிடையாது. உப்புவெளிப் பக்கம் கடலோர வீடுகளின் விறாந்தைத் தூண்களைப் பாருங்கள். உள்ளே கம்பி ஓடும் வழியே நேராக ஒரு வெடிப்பு, ஓரத்தில் பழுப்புக் கறை. உப்புக்காற்றிலுள்ள குளோரைட்டு கொங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிப்பதால் கொங்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. மேலே சீமெந்து பூசினால் பார்வைக்குச் சரியாகிவிடும், கொஞ்சக் காலத்தில் அதே இடம் மறுபடி உதிரும். உப்பேறிய கொங்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுத்துத்தான் திருத்த வேண்டும். இதை வீட்டுக்காரருக்குப் புரியவைப்பதே பாதி வேலை, ஏனென்றால் செலவு அவருடையது.

கொங்கிரீட்டிலுள்ள காரம்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. அது மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, புதிதாக உடைத்த இடத்தில் பினோத்தலீன் என்ற நிறங்காட்டித் திரவத்தைத் தெளித்தால் காரம் மிச்சமுள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். காபனீரொட்சைட்டு ஊறிய பகுதி நிறம் மாறாது. அந்த எல்லை கம்பியைத் தொட்டுவிட்டதா என்று பார்ப்போம். ஆனால் குளோரைட்டை இது காட்டாது, அதற்குத் துளையிட்டுத் தூள் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். இங்கே பல இடங்களில் சிக்கல் இந்தக் குளோரைட்டுதான். இளஞ்சிவப்பைப் பார்த்து நிம்மதியடைந்துவிடக் கூடாது.

பணம்தான் பெரிய தடை. முடியாவிட்டால் மனம் விடாதீர்கள், இங்கேயே சிவில் அல்லது கணிய அளவையியல் முடித்துவிட்டு முதுநிலைக்கு இதே துறைக்குப் போகலாம், என் கருத்தில் அதுவே பாதுகாப்பான வழியும்கூட. போவதென்று முடிவெடுத்தால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்க முன்னர், அந்தப் பட்டத்துக்கு ஆர்ஐசிஎஸ் (RICS) என்ற பிரித்தானிய அளவையாளர் தொழில்முறை நிறுவனத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.