டிஸ்சார்ஜ் ஆன நோயாளிகளை ஆன்லைன்லயே தொடர்ந்து கவனிக்கிறதுல நர்ஸுகளுக்கு அப்படி என்ன சிரமம்?

"அப்படி என்ன சிரமம்"னு கேட்டீங்க பாருங்க, அதுக்காகவே எழுதுறேன். நர்ஸிங் படிக்கிற புள்ளையா இருப்பீங்கன்னு நினைக்கிறேன், ப்ராஜெக்ட்டுக்கா?

நான் ராமநாதபுரத்துல ஒரு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ். வீட்டுக்குப் போன சுகர் பேஷண்ட்டுகளை வாட்ஸ்அப்ல ஃபாலோ பண்றது என் தலையில விழுந்த வேலை. எல்லாரும் சிக்னலைத்தான் சொல்லுவாங்க. தனுஷ்கோடி பக்கம் போன் இலங்கை டவரைப் பிடிச்சுக்கும், உண்மைதான். ஆனா டவர் இருந்து என்ன, போன் நோயாளி கையில இருந்தாத்தானே? பாம்பன், மண்டபம் பக்கம்லாம் அது மகனோட கடலுக்குப் போயிருக்கும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு தடைக்காலம், அந்த 61 நாள்தான் எங்க ஃபாலோஅப் ஒழுங்கா நடக்கும், சிரிக்காதீங்க.

கீழக்கரைப் பக்கம் ஒரு அம்மா, மகன் துபாய்ல. காலையில 20 யூனிட் இன்சுலின், ஆனா அனுப்புற ரீடிங் எல்லாம் முந்நூறுக்கு மேல. டோஸைக் கூட்டலாம்னு டாக்டர் சொன்னார். எனக்கு மனசு ஒப்பலை, ஒரு தடவை பார்த்துடுறேன் சார்னு சொல்லிட்டு வீடியோ கால் போட்டேன். மருமக போனைப் பிடிச்சிருக்கு, அந்தம்மா "கணக்கா இருவது கோடுதாம்மா ஏத்துறேன், சோத்தைக்கூட குறைச்சிட்டேன்"ங்கிறாங்க. ஊசியைக் கிட்டக்க காட்டச் சொன்னேன். ஆரஞ்சு மூடி! மகன் பெட்டியோட அனுப்பினது, ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கிற இன்சுலினுக்கான ஊசி. இவங்க வச்சிருக்கிற குப்பியில மில்லிக்கு 40 யூனிட்தான், அதுக்கு சிவப்பு மூடி ஊசிதான் போடணும். 100 ஊசியில 20 கோடு எடுத்தா உள்ள போறது 8 யூனிட்தான். டோஸைக் கூட்டிட்டு, அப்புறம் ஊசி தீர்ந்து இங்க கடையில சிவப்பு மூடி வாங்கிப் போட்டிருந்தாங்கன்னா சுகர் சரசரன்னு இறங்கி எங்கயாவது மயங்கி விழுந்திருப்பாங்க.

டாக்டரைக் குறை சொல்றேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, ரீடிங்கை மட்டும் பார்த்தா யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவாங்க. மருந்து எழுதுறது டாக்டர்தான், 2020ல வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலும் அதான் சொல்லுது, நான் மறுக்கலை. ஆனா ராத்திரி பத்து மணிக்கு கால் புண் போட்டோ வர்றது எனக்கு. குண்டு பல்பு வெளிச்சத்துல எடுத்த போட்டோவுல புண்ணு கருத்திருக்கா, இல்ல நிழலான்னு எப்படிச் சொல்றது, வாடை போட்டோவுல வருமா? நேர்ல வாங்கன்னா "அப்புறம் எதுக்கு சிஸ்டர் வாட்ஸ்அப்பு"ம்பாங்க, வர வேணாம்னு சொல்லி ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்.

இதுல போனும் என்னோடது நெட்டும் என்னோடது. மாச ரீசார்ஜுன்னு பேரு, 28 நாள்ல முடிஞ்சிடுது, வருஷத்துக்கு 13 தடவை போட வேண்டியிருக்கு. திறந்த இன்சுலின் குப்பியைப் பொதுவா 28 நாளுக்கு மேல வைக்காதீங்கன்னு நாங்களும்தான் சொல்றோம், அது மருந்து, கெட்டுப்போகும், நெட்டு கெட்டா போகுது? ரீசார்ஜ் காசு கேட்டதுக்கு "ஆஸ்பத்திரில வைஃபை இருக்கேம்மா"ன்னாங்க. ராத்திரி பத்து மணிக்கு நான் என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கேன்?