விலாரும் கடைசி பஸ்ஸும் – ஒரு கடிதம்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நான் தக்கலைக்காரன். நாடகத்தில் எம்.ஏ. படித்தேன். பத்து வருடத்தில் நான்கு நாடகங்கள் இயக்கியிருக்கிறேன். நான்கையும் சேர்த்துப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் தேறமாட்டார்கள். இப்போது எங்கள் ஊர் வாசகசாலைக்காரர்கள் மூன்று நாள் கலைவிழா நடத்த முடிவுசெய்து, பொறுப்பை என் தலையில் வைத்திருக்கிறார்கள். நாடகம், வில்லுப்பாட்டு, தோல்பாவைக்கூத்து, கோலடித்து ஆடும் களியல் எல்லாம் உண்டு.

எனக்கு நாடகம் சொல்லித்தந்த ஆசிரியரிடம் சொன்னேன். “விழா நடத்தப் போனவன் அப்புறம் நோட்டீஸ்தான் அடிப்பான், நாடகம் போடமாட்டான்” என்றார். இரண்டு நாளாக அது மனதில் கிடந்து உறுத்துகிறது.

போன மாதம் நாகர்கோவில் கூட்டத்தில் ழான் விலார் என்று ஒரு பெயரைச் சொன்னீர்கள். தன் நாடகத்தை நிறுத்திவிட்டு விழாவை வளர்த்தவர் என்றீர்கள். அதற்குமேல் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. யார் அவர்? அவர் செய்தது சரிதானா? நான் செய்யப்போவது?

எம்.
தக்கலை

*

அன்புள்ள தம்பி,

அன்றைக்கு மைக் செட்டுக்காரர் கையிலிருந்த வாட்சைத் தட்டிக் காட்டினார். அதனால்தான் விலாரைப் பாதி வழியில் இறக்கிவிட வேண்டியதாயிற்று.

விலாருக்குப் போகும் முன் ஒரு பழைய அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஐந்து நண்பர்கள் சேர்ந்து ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் மூன்று இரவு நாடகவிழா நடத்தினோம். மாதம் ஆடி. இந்த ஒரு வரியிலேயே உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். காற்றாலைக்காரன் தேடிவந்து கம்பம் நடுகிற கணவாய் அது. நாங்கள் போய்த் துணி கட்டினோம். முதல் நாள் பின்திரை அரைமணி நேரத்தில் பிய்ந்து பக்கத்துத் தென்னையில் தொங்கியது. வசனம் முழுக்கக் காற்றோடு காற்றாலைப் பண்ணைக்குப் போனது.

இரண்டாம் நாள் காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. நாடகமும் நன்றாகவே ஏறிவந்தது. மகனைப் பறிகொடுத்த தாய் மேடையில் தனியாக உட்கார்ந்து, அவன் சட்டையை மடித்து மடித்துப் பிரிக்கிற இடம். சத்தமே இல்லை. அப்போது ரோட்டு வளைவில் பஸ் வெளிச்சம் தெரிந்தது. அறுபது எழுபது பேர் ஒன்றாக எழுந்தார்கள். இருட்டில் செருப்பைத் துழாவினார்கள், பிள்ளைகளைத் தோளில் போட்டார்கள். நான் வாசலில் ஓடிப்போய் ஒரு பாட்டியை மறித்து, “இன்னும் பத்து நிமிஷம்தான் பாட்டி” என்று கெஞ்சினேன்.

“கத நல்லாட்டுதான் இருக்கு மக்கா. பஸ்ஸு போச்சுன்னா நீயா கொண்டு விடுவ?”

அந்தக் கேள்விக்கு நாற்பது வருடம் முன்பே ஒருவர் பதில் செய்து வைத்திருந்தார் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர்தான் உங்கள் விலார்.

1912இல் தெற்கு பிரான்சில் செத் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். (நம் காதுக்குக் கொஞ்சம் சங்கடமான பெயர்தான், என்ன செய்ய.) அப்பா ஊசி நூல் பித்தான் விற்கிற சின்னக் கடைக்காரர். பாரிசுக்குப் போய் ஷார்ல் துலேன் என்ற பெரிய நாடக ஆசிரியரிடம் கற்றார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் கையில் நாடு இருந்த காலத்தில் ஒரு சுற்றுக்குழுவோடு கிராமம் கிராமமாகப் போய் நாடகம் போட்டார். போர் முடிந்ததும் டி.எஸ். எலியட்டின் நாடகம் ஒன்றை பாரிசில் ஒரு சின்ன அரங்கில் போட்டுப் பெயர் வாங்கினார்.

1947இல் அவிஞோன் என்ற ஊரில் பழைய போப்புகளின் அரண்மனையில் ஒரு ஓவியக் கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. கவிஞர் ரெனே ஷாரும் கலைப் பதிப்பாளர் கிறிஸ்தியன் செர்வோசும் முன்னின்றார்கள். அரண்மனை முற்றத்தில் உங்கள் எலியட் நாடகத்தை ஒருநாள் போடுங்கள் என்று விலாரைக் கேட்டார்கள். அவர் முடியாது என்றார். முற்றம் பெரிது, அளவும் வடிவும் இல்லை, இது நாடகத்துக்கான இடமே இல்லை என்றார். ஆனால் போனவர் சும்மா இருக்கவில்லை. யோசித்துத் திரும்பி வந்து, பழைய நாடகம் வேண்டாம், மூன்று புதிய நாடகம் தருகிறேன் என்றார். அதில் ஒன்று ஷேக்ஸ்பியரின் ‘இரண்டாம் ரிச்சர்ட்’. பிரான்சில் அப்போது அநேகமாக யாருக்கும் தெரியாத நாடகம். இயக்கியவரும் விலார், ரிச்சர்டாக நடித்தவரும் விலார்.

அந்தச் செப்டம்பரில் ஒரு வாரம் நடந்தது. ‘கலை வாரம்’ என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் 4,800 பேர். டிக்கெட் வாங்கியவர்கள் 2,900. மீதி ஓசி. ஓசி பாஸ் நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் திருத்திக்கொள்ளலாம். அந்த ஒரு வாரம்தான் இன்றைக்கும் வருடாவருடம் நடக்கிற அவிஞோன் விழா.

அங்கே மிஸ்த்ரால் என்று ஒரு வடகாற்று உண்டு. நம் ஆடிக்காற்றுக்கு அண்ணன். விலார் முற்றத்தில் திரை கட்டவில்லை, வர்ணம் தீட்டிய சீனும் வைக்கவில்லை. வெறும் மேடை, ஒளி, நிறம் பளீரென்று தெரியும் உடைகள், கொடிகள். கலைக் கொள்கை என்று பிற்பாடு எல்லோரும் எழுதினார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் கொள்கையில் பாதி காற்று சொல்லிக்கொடுத்தது என்று நான் சொல்வேன். தென்னையில் துணி தொங்கக் கண்டவனுக்கு இது சட்டென்று விளங்கும்.

இனி பஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

1951இல் அரசு அவரை பாரிசின் தேசிய மக்கள் அரங்குக்குத் தலைவராக்கியது. ஷையோ மாளிகையில் கிட்டத்தட்ட 2,800 பேர் உட்காரும் பூதாகரமான அரங்கம். அங்கே அவர் முதலில் கை வைத்தது நாடகத்தில் அல்ல. பாரிஸ் நாடகக் கொட்டகைகளில் இருக்கை காட்டுகிறவருக்கும் கோட்டு வாங்கி மாட்டுகிறவருக்கும் டிப்ஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காதவனை அவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்தே ஆலைத் தொழிலாளி கொட்டகைப் பக்கம் வரமாட்டான். விலார் டிப்ஸை ஒழித்தார். கோட்டு வைக்க இலவசம். நாடகம் எட்டு மணிக்கு, பாரிசின் வழக்கத்தைவிட முன்னதாக. முடிந்து, புறநகருக்குக் கடைசி ரயிலைப் பிடித்துப் போய்த் தூங்கி, காலையில் வேலைக்கு எழுந்திருக்க வேண்டும் அல்லவா? வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு வர முடியாது என்பதால், அரங்கத்தை முன்னதாகவே திறந்து உள்ளேயே குறைந்த விலையில் சாப்பாடு, கூடவே இசை. நாடகத்தின் முழுப் பிரதியையும் அச்சிட்டு மலிவாக விற்றார். பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கையில் கேள்வித்தாள் கொடுத்துக் கருத்து வாங்கினார். எட்டு அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார், பிந்தி வருகிறவர் யாரானாலும் வெளியேதான். குடிநீர், எரிவாயு, மின்சாரம் மாதிரி நாடகமும் பொதுச்சேவை என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

உங்கள் ஆசிரியர் இதையெல்லாம் நோட்டீஸ் அடிக்கிற வேலை என்பார். எனக்கு இது இயக்கம்தான். பார்க்க வருகிறவன் எந்த மனநிலையில், எந்த வயிற்றோடு, எந்த அவசரத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை ஒழுங்குபடுத்தாமல் முதல் வசனத்தை என்ன இயக்கி என்ன?

நம் ஊரில் இதை அறிந்தவர் வில்லுப்பாட்டு அண்ணாவிதான். (விலார் பெயரிலேயே வில் இருக்கிறது என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்வதுண்டு.) அம்மன் கொடைக்குப் போனால் சாமியைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு அண்ணாவியின் கண்ணைப் பாருங்கள். வாய் கதையைப் பாடும். கண் பூசாரிமேல் இருக்கும். தீபாராதனைக்குப் படையல் இன்னும் தயாராகவில்லை என்றால் வீசுகோலை ஒரு சுழற்று சுழற்றுவார், பின்பாட்டுக்காரர்களுக்கு அது போதும். நாட்டு வளம் ஒரு கால்மணி நேரம் நீளும். அந்தப்பக்கம் சாமியாடிக்கு உடம்பு குலுங்க ஆரம்பித்துவிட்டது என்றால் இரண்டு சண்டையை விழுங்கிவிட்டு நேராக, சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டுக்கு வந்துவிடுவார். கதையும் விழாவும் அவருக்கு ஒரே வேலை. இதில் எங்கே கலை முடிந்து எங்கே நிர்வாகம் தொடங்குகிறது என்று கோடு போடச் சொன்னால் அவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

ஆனால் உங்கள் ஆசிரியர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது, அதை மறைக்க எனக்கு மனமில்லை. விலார் 1963இல் பாரிஸ் அரங்கத்தை விட்டார். அவிஞோன் விழாவை மட்டும் வைத்துக்கொண்டார். சீக்கிரமே அங்கே தன் நாடகங்களைப் போடுவதையும் நிறுத்தினார். இத்தனை வருடம் தன் ஆட்டக்களமாக இருந்த முற்றத்தை 1966இல் இயக்குநர் ரொஜே பிளான்ஷோனுக்கும் நடனக்காரர் மொரீஸ் பெஜாருக்கும் திறந்துவிட்டார். மறுவருடம் அதே முற்றத்தில் கோதாரின் சினிமாவைத் திரையிட்டார். இவர்களில் சிலர் அவருடைய பாணிக்கு நேர் எதிரானவர்கள். அவர்கள் உடைப்பது தன் வீட்டை என்று தெரிந்தே சாவியைக் கொடுத்தார்.

அதற்குக் கிடைத்த கூலி 1968. மாணவர்களும் தொழிலாளிகளும் நடத்திய மே மாதக் கிளர்ச்சி முடிந்த கையோடு ஜூலையில் விழா. வேலைநிறுத்தத்தால் பிரெஞ்சு நாடகங்கள் வரவில்லை. லிவிங் தியேட்டர் என்ற அமெரிக்க நாடகக் குழுவை விலாரே அழைத்திருந்தார். பக்கத்து ஊரில் ஓர் இளைஞர் குழுவின் நாடகத்தை அதிகாரிகள் தடைசெய்ய, கோபம் முழுவதும் விலார் பக்கம் திரும்பியது. கலாச்சார சூப்பர்மார்க்கெட் என்று விழாவைத் திட்டினார்கள். ‘விலார், பெஜார், சலசார்’ என்று தெருவில் கோஷம் போட்டார்கள். சலசார் போர்ச்சுகலின் சர்வாதிகாரி. தொழிலாளிக்குக் கதவு திறந்தவரின் பெயர் கடைசியில் ஒரு சர்வாதிகாரியின் பெயரோடு எதுகைக்குப் பயன்பட்டது. அவர் தெருவிலும் தோட்டத்திலும் நின்று அந்தப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு மூன்று மாதத்தில் மாரடைப்பு வந்தது. ஆனாலும் விழாவை விடவில்லை. 1971இல் இறக்கும்வரை நடத்தினார். செத் ஊரில் கடலைப் பார்த்திருக்கும் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்.

சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். 1963க்குப் பிறகு அவர் இயக்கியிருக்கக்கூடிய நாடகங்கள் நமக்கு நஷ்டம்தான். அந்த நஷ்டக் கணக்கை எழுதிவிட்டுத்தான் நீங்கள் இதில் இறங்க வேண்டும். விழாக்காரன் தன் பெயரைத் தானே நோட்டீஸில் கீழே இறக்கிக்கொண்டே வரவேண்டும். அதற்கு மனசு ஒப்பாதவர்கள் விழாவில் மூன்று நாளும் தங்கள் நாடகத்தையே போட்டுவிட்டு, ஊர் ஒத்துழைக்கவில்லை என்பார்கள். நானே அப்படிப் பேசித் திரிந்தவன்.

தூரத்து ஆளாகவே சொல்கிறேனோ என்று தோன்றினால், வள்ளியூர் வழியாகத் திருக்குறுங்குடிக்குப் போங்கள். கார்த்திகையில் கைசிக ஏகாதசி இரவு. பிரம்மராட்சசனிடம் மாட்டிக்கொண்ட நம்பாடுவான் என்ற பாணரின் கதையைக் கோயில் மண்டபத்தில் நாடகமாகப் போடுவார்கள். தேய்ந்துபோயிருந்த அந்த நாடகத்தை நடனக் கலைஞர் அனிதா ரத்னத்தின் முயற்சியில் 1999இல் மீட்டு வடிவம் தந்தவர் பேராசிரியர் சே. இராமானுஜம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் அல்காசியிடம் படித்தவர், பக்கத்து நாங்குநேரிக்காரர். அந்த இரவில் நீங்கள் இயக்குநரைத் தேடினால் கிடைக்கமாட்டார். கூட்டம், குளிர், விளக்கு, பிரம்மராட்சசனைக் கண்டு அம்மா மடிக்குள் முகம் புதைக்கும் குழந்தை, அவ்வளவுதான் இருக்கும்.

இனி உங்கள் மூன்று நாள். போப் அரண்மனைக் கதையைப் படித்ததும் உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை மனதில் வந்திருக்கும். எனக்கும் வந்தது. வேண்டாம். அவிஞோன் கல், இது மரம். ஆயிரம் பேரையும் ஜெனரேட்டர் வயரையும் தாங்காது. தவிர அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் நிர்வாகம் கேரள அரசிடம். அனுமதிக்குத் திருவனந்தபுரம் நடந்தே உங்கள் செருப்பு தேய்ந்துவிடும். பள்ளி மைதானமே போதும்.

தேதியை தை மாதக் கடைசியில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டிருக்கும், சுசீந்திரம் மார்கழித் திருவிழா முடிந்திருக்கும், பரீட்சை இன்னும் தொடங்கியிருக்காது. பங்குனிக்குத் தள்ளினால் கொடைக்காலம் ஆரம்பித்துவிடும். மைக் செட்டும் கிடைக்காது, வில்லுப்பாட்டுக்காரர்களும் கிடைக்கமாட்டார்கள். தோல்பாவைக்கூத்தை முதல் நாள் சாயங்காலமே வைத்துவிடுங்கள். பிள்ளைகள் வந்தால் வீடு மொத்தமும் வரும். மைதானத்து ஓரத்தில் மரச்சீனியும் மீன்கறியும் கட்டன்சாயாவும் நியாயமான விலைக்குக் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் நாடகத்தை ஒரே ஒருநாள் போடுங்கள். கடைசி நாள் வேண்டாம், அது அண்ணாவிக்கு.

நோட்டீஸ் அடிக்கும் முன்பு பஸ் டெப்போவுக்குப் போய்வாருங்கள். மூன்று நாளும் ராத்திரி பத்தரைக்குக் குளச்சல் பக்கம் ஒன்று, குலசேகரம் பக்கம் ஒன்று விடமுடியுமா என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். இல்லை என்றால் ஆட்டோ ஸ்டாண்டில் பேசுங்கள், வேன் வைத்திருக்கிற கூட்டுக்காரன் யாராவது இருப்பான். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். நாடகம் எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பதை அப்புறம் பேசலாம்.