சர்ச்சுகள் அரசியல் பேசலாமா?

தாராளமாகப் பேசலாம். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று மட்டும் பிரசங்க பீடத்திலிருந்து சொல்லக் கூடாது. நான் பாளையங்கோட்டைக்காரன், புராட்டஸ்டண்ட் சபை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஃபுகுஷிமா விபத்து நடந்த 2011-ல் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். உடனே சர்ச்தான் தூண்டிவிடுகிறது, வெளிநாட்டுப் பணம் என்று ஒரே பேச்சு. எங்கள் கடற்கரை ஊர்களில் பங்கு, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த சபை, வேறு, ஊர் வேறு கிடையாது. வலைத் தகராறு என்றாலும் கோயில் மணி அடித்துத்தான் ஊர் கூடும், அப்படி இருக்க அணு உலைக்கு மட்டும் வேறெங்கே போய்க் கூடுவார்கள்?

அப்புறம் தலித் கிறிஸ்தவர் விஷயம். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டும்தான் எஸ்சி தகுதி. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. அதனால் சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், ஒட்டப்பிடாரம் மாதிரி தனித் தொகுதிகளில் தலித் கிறிஸ்தவர் ஒருவர் வேட்பாளராக நிற்கவே முடியாது. இதைச் சபை பேசாமல் யார் பேசுவது? பேசும்போது கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்ப்பதையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

வேட்பாளர் பெயரைச் சொல்லி ஆதரிப்பது வேறு. வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு இன்னொருவரோ மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)-படி வெற்றியே செல்லாமல் போகலாம். வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழிபாட்டு இடத்தில் அரசியல் பிரசாரம் செய்யக் கூடாது என்று 1988-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் கிடக்கட்டும், அப்படி ஆதரிப்பதால் பலனாவது உண்டா? தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் பிஷப்புக்குச் சால்வை போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், அந்தப் போட்டோவைப் பார்த்து ஓட்டை மாற்றிப் போட்ட ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை. சாதி, கட்சி, உள்ளூரில் ஆள் யார், இதைப் பார்த்துத்தான் சபையாரும் போடுகிறார்கள்.

நிஜ அரசியலைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பக்கம் திருமண்டலத் தேர்தல், அதாவது ஒரு பிஷப்பின் கீழ் உள்ள சபைகளின் நிர்வாகத் தேர்தல், நடக்கும்போது வாருங்கள். பள்ளிக்கூடம், கல்லூரி நிர்வாகமெல்லாம் ஜெயிக்கிற அணியின் கைக்குப் போகும் என்பதால் சேகரம் சேகரமாக (சில சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம்) அணி பிரிந்து, நோட்டீஸ் அடித்து, கடைசியில் கோர்ட்டு வரைக்கும் போவார்கள், சட்டமன்றத் தேர்தலெல்லாம் அதற்கு முன்னால் நிற்காது. இப்படி இருக்கையில், பொதுத்தேர்தலில் மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை அறிக்கை வாசித்தால் எங்கள் பெஞ்சில் பாதிப் பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம்.